காலேஜ் சங்கத் தேர்தல்ல நிக்கலாமா? விழுப்புரம், திண்டிவனத்துல இருந்து ஒரு கேள்வி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுல திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து வந்தது. அனுப்பினவங்க திண்டிவனம் பக்கம் ஒரு காலேஜ்ல கௌரவ விரிவுரையாளர், அதாவது கெஸ்ட் லெக்சரர். "ப்ரோ, எங்க சங்கத் தேர்தல்ல என்னை நிக்கச் சொல்றாங்க. நான் நிக்க முடியுமா? நின்னா அடுத்த வருஷம் எனக்கு வேலை இருக்குமா?" அவ்வளவுதான் மெசேஜ்.

ரெண்டு கேள்வியும் வேற வேற. முதல் கேள்விக்கு விதிமுறையில பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு முழு பதில் எந்தச் சட்டத்துலயும் இல்லை. ரெண்டையும் வரிசையாப் பார்ப்போம். நான் எழுதுறது கோடு, வக்கீல் இல்லை. ஆனா டாக்குமென்டேஷன் படிக்கிற பழக்கம் உண்டு. அதனால படிச்சதைச் சொல்றேன்.

முதல்ல, உங்க முதலாளி யாரு?

இது ஈஸியான கேள்வி மாதிரி இருக்கும். விழுப்புரத்துல அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கு. திண்டிவனத்துல திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. அங்க வேலை பார்க்கிற நிரந்தரப் பேராசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிறது தமிழ்நாடு அரசு. ஆனா மாணவருக்குப் பட்டம் கொடுக்கிறது பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் எத்தனை தடவை மாறியிருக்குன்னு பாருங்க. ஒரு காலத்துல சென்னைப் பல்கலைக்கழகம். 2002-ல வேலூர்ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அது. 2021 தொடக்கத்துல விழுப்புரத்துக்கே ஜெ. ஜெயலலிதா பேர்ல ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட்ல சட்டமன்றம் அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட இணைச்சது. காலேஜ் கட்டடம் அங்கேயேதான் இருக்கு, மேல இருக்கிற பேர் மட்டும் மாறிக்கிட்டே வந்திருக்கு.

இதே ரெண்டு ஊருலயும் 2008-ல தொடங்கின அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கு. அங்க பல்கலைக்கழகமேதான் முதலாளி. அதாவது ஒரே பஸ்ல வர்ற ரெண்டு பேருக்கு வேற வேற முதலாளி, வேற வேற சங்கம்.

இது ஏன் முக்கியம்? பேச வேண்டிய இடம் அதை வெச்சுதான் தீர்மானம் ஆகும். சம்பளம், பணி நிரந்தரம்னா சென்னையில கல்லூரிக் கல்வி இயக்ககத்தோட பேசணும். விடைத்தாள் திருத்துற காசு வரலைன்னா பல்கலைக்கழகத்தோட பேசணும். திண்டிவனத்துல இருந்து சிதம்பரம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். வேட்பாளரா நிக்கிறவர் இந்த பஸ் பயணத்தையும் கணக்குல வெச்சுக்கணும்.

சங்கங்களும் இப்படித்தான் பிரிஞ்சிருக்கு. அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்கள் நடுவுல ஏ.யூ.டி., மதுரை, நெல்லைப் பக்கம் மூட்டா, அரசுக் கல்லூரிகள்ல தமிழ்நாடு அரசு கல்லூரி ஆசிரியர் கழகம். அலுவலகப் பணியாளர்களுக்கும் கெஸ்ட் லெக்சரர்களுக்கும் தனித்தனி அமைப்புகள்.

டிரைவர் தொழிலாளி, டீச்சர் இல்லை

இந்த எபிசோடுக்காகப் படிச்சதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த பகுதி இதுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தோட பெண்கள் கல்லூரியில ராம்நாத்னு ஒரு பஸ் டிரைவர். பஸ் ஓட்டுறதுல நஷ்டம்னு அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அவர் தொழில் தகராறு சட்டப்படி இழப்பீடு கேட்டார். 1963-ல உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகம் ஒரு 'தொழில்' இல்லை, அதனால அந்தச் சட்டம் இங்க செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

1978-ல பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு. வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்த ஏழு நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பை மாத்தி, கல்வி நிறுவனமும் 'தொழில்'தான்னு சொன்னது. சரி, அப்போ எல்லாருக்கும் பாதுகாப்பு வந்துடுச்சான்னா, இல்லை. 1988-ல கோவா பள்ளி ஆசிரியை சுந்தராம்பாள் வழக்குல, ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்ற 'தொழிலாளி' இல்லைன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது.

ஆக, காலேஜ் ஒரு தொழில். அங்க பஸ் ஓட்டுறவர் தொழிலாளி. கிளாஸ் எடுக்கிறவர் தொழிலாளி இல்லை. சங்க நிர்வாகியைத் தகராறு நடக்கிறப்போ அனுமதி இல்லாம டிஸ்மிஸ் பண்ணக் கூடாதுன்னு 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி'ன்னு ஒரு ஏற்பாடு அந்தச் சட்டத்துல உண்டு. அது ஆசிரியருக்கு எட்டவே இல்லை. தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு 1976-ல வந்த தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம்தான் தனிக் குடை.

பழைய சட்டங்களுக்குப் பதிலா 2025 நவம்பர் 21-ல இருந்து தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கு. அதுல 'தொழில்' என்பதுக்கே புது வரையறை. அதனால மேல சொன்ன தீர்ப்புகளைக் காட்டி யாராவது உறுதி கொடுத்தா, எந்தச் சட்டத்தை வெச்சுச் சொல்றீங்கன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க.

சங்கம் எதுல பதிவாகியிருக்கு?

எல்லா சங்கமும் தொழிற்சங்கம் இல்லை. பல அமைப்புகள் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானவை. உங்க ஊர் விளையாட்டு கிளப்பும் அதே சட்டத்துலதான் பதிவாகும்.

வித்தியாசம் என்னன்னு புரிய 1918-க்குப் போகணும். அந்த வருஷம் ஏப்ரல்ல சென்னையில பி.பி. வாடியா தலைமையில மெட்ராஸ் லேபர் யூனியன் உருவாச்சு. பக்கிங்ஹாம் மில் நிர்வாகம் வாடியா மேல வழக்குப் போட்டு, ஹைகோர்ட்ல தடை உத்தரவு வாங்கிடுச்சு. சங்கம் நடத்தினதுக்கே நஷ்ட ஈடு கேட்கலாம்ங்கிற நிலை. அந்த அதிர்ச்சியோட தொடர்ச்சியாத்தான் 1926-ல தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்குச் சில சிவில் வழக்குகள்ல இருந்தும் கூட்டுச்சதி குற்றச்சாட்டுல இருந்தும் அது பாதுகாப்பு கொடுத்தது. கிளப் மாதிரி பதிவான அமைப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால வேட்புமனு வாங்குறதுக்கு முன்னாடி பதிவுச் சான்றிதழையும் விதிமுறைப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்க. சங்கத்தோட சோர்ஸ் கோடு அதுதான்.

மனு போடுறது

நடைமுறை ஊராட்சித் தேர்தல் மாதிரிதான். சந்தா பாக்கி இல்லாம இருக்கணும். வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர். பரிசீலனை, வாபஸ், ஓட்டுப்பதிவு. முதல்ல கிளை, அப்புறம் மண்டலம், அப்புறம் மாநிலம்.

நிறைய இடங்கள்ல வாபஸோட கதை முடிஞ்சுடும். மூத்தவங்க உட்கார்ந்து பேசி, "இந்தத் தடவை அவரே இருக்கட்டும்"னு போட்டியின்றித் தேர்வு. சண்டை இல்லைன்னு அதை நல்லதாச் சொல்வாங்க. ஆனா போட்டி இல்லாதப்போ, போன மூணு வருஷம் என்ன செஞ்சீங்கன்னு கேட்க ஒரு மேடையும் இல்லாமப் போயிடுது.

பிரச்சினை அதிகமா வர்ற இடம் வாக்காளர் பட்டியல். விதிமுறையில 'நிரந்தரப் பணியாளர் மட்டும்'னு ஒரு வரி இருந்தா, பத்து வருஷமா கிளாஸ் எடுக்கிற கெஸ்ட் லெக்சரருக்கு ஓட்டும் இல்லை, நிக்கவும் முடியாது. அப்போ முதல் வேலை தேர்தல் இல்லை. பொதுக்குழுவுல அந்த வரியைத் திருத்துறது.

ஓட்டை எப்படி எண்ணுறாங்க?

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. ஒரு கிளையில 120 ஓட்டு, செயற்குழுவுல 5 இடம். 65 பேர் நிரந்தரம், 55 பேர் தற்காலிகம். ஒவ்வொருத்தரும் அஞ்சு பேருக்கு டிக் போடலாம், அதிக ஓட்டு வாங்கின அஞ்சு பேர் ஜெயிப்பாங்கன்னு வெச்சா, 65 பேர் ஒண்ணாப் போட்டா அஞ்சு இடமும் அவங்களுக்கு. 55 பேருக்குப் பூஜ்யம்.

இப்போ ராஜ்யசபா முறை. பிடிச்ச வரிசையில 1, 2, 3-ன்னு எண் போடணும். ஜெயிக்கத் தேவையான அளவு, 120-ஐ 6-ஆல வகுத்து ஒண்ணு கூட்டினா 21. அதுக்கு மேல வர்ற ஓட்டு வீணாகாம அடுத்த விருப்பத்துக்குப் போகும். அப்போ நிரந்தரப் பணியாளர்கள் பக்கம் 3, தற்காலிகப் பணியாளர்கள் பக்கம் 2. ஆட்கள் அதே, ஓட்டும் அதே, எண்ணுற முறை மட்டும்தான் மாறியிருக்கு.

பிரிட்டன்ல பல்கலைக்கழக ஊழியர் சங்கமான யு.சி.யூ. இந்த முறையிலதான் தேர்தல் நடத்துது. 2006-ல ரெண்டு சங்கம் இணைஞ்சு அது உருவாச்சு. அதுல ஒண்ணோட பேரும் ஏ.யூ.டி.தான்! அங்க தேசியச் செயற்குழுவுல தற்காலிக ஊழியர்களுக்குன்னே தனி இடம் உண்டு. நம்ம சங்க விதிமுறைக்கும் இப்படி ஒரு திருத்தம் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை.

நின்னா வேலை இருக்குமா?

சங்கம் அமைக்கிறது அரசமைப்புச் சட்டம் 19(1)(சி) கொடுக்கிற அடிப்படை உரிமை. ஆனா ஸ்டிரைக் பண்றது அப்படி இல்லை. 2003 ஜூலையில தமிழ்நாட்டுல அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தப்போ சுமார் 2 லட்சம் பேர் டிஸ்மிஸ் ஆனாங்க. ஆகஸ்ட்ல டி.கே. ரங்கராஜன் வழக்குல, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலானவங்க மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப வேலைக்கு வந்தாங்க. அப்போ வேலையில இருந்த நம்ம ப்ரொஃபசர்கள் பலருக்கு அது இன்னும் மறக்கலை. அவங்க தயங்கினா அதுக்குக் காரணம் இருக்கு.

கெஸ்ட் லெக்சரர் நிலைமை இன்னும் மோசம். அவங்களை யாரும் டிஸ்மிஸ் பண்ணவே தேவையில்லை. அடுத்த வருஷம் கூப்பிடாம விட்டாப் போதும். பழிவாங்கினாங்கன்னு நிரூபிக்க ஒரு ஆர்டர் காப்பிகூட இருக்காது. கெஸ்ட் லெக்சரருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசம் அதிகபட்சம் 50,000-ன்னு யு.ஜி.சி. 2019-லயே வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. தமிழ்நாட்டுல கைக்கு வர்றது அதைவிடக் குறைவு, அதுவும் வருஷத்துக்கு 11 மாசம்தான். கேட்க வேண்டிய அவசியம் அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான் கேட்கிறதுல ஆபத்தும் அதிகம்.

அதனால அந்த அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். ஒண்ணு, தனியா நிக்காதீங்க. ரெண்டு மூணு காலேஜ்ல ஒரே நேரத்துல கெஸ்ட் லெக்சரர்கள் மனு போடட்டும். ரெண்டு, உங்களை ஒரு நிரந்தரப் பேராசிரியர் முன்மொழியட்டும். அவருக்கு இழக்க இருக்கிறது குறைவு. மூணு, பணி ஆணை, வருகைப் பதிவு, சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காப்பி இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க. நாலு, எந்தக் கோரிக்கையா இருந்தாலும் எழுத்துல கொடுத்து ஒப்புகை வாங்குங்க. இதெல்லாம் பாதுகாப்பு ஆகிடாது. ஆனா நாளைக்கு கோர்ட் வரைக்கும் போனா, கையில எதுவும் இல்லாம நிக்க மாட்டீங்க.

இவ்வளவும் கேட்டுட்டு அவங்க மறு வாய்ஸ் நோட்டுல, "இந்தத் தடவை பட்டியல்ல பேர் சேர்க்கிறதுக்கு மனு கொடுக்கிறேன், அடுத்த தடவை நிக்கிறேன்"னு சொன்னாங்க. எனக்கு அது சரியான வரிசையாப் படுது.

நீங்க ஓட்டுப் போடுற பக்கம் இருந்தீங்கன்னா, வேட்பாளர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. போன வருஷக் கணக்கு எங்க? தற்காலிக ஊழியருக்கு உறுப்பினர் உரிமை கொடுப்பீங்களா? மாசத்துல எத்தனை நாள் எங்க காலேஜுக்கு வருவீங்க?

உங்க சங்க விதிமுறையில உறுப்பினர் தகுதி பத்தி என்ன வரி இருக்குன்னு பார்த்து எனக்கு அனுப்புங்க, அதை வெச்சு இன்னொரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் பி.எஃப். கணக்கு மாத்துறது பத்திப் பேசலாம்.