குதிரைகளைச் சளிக்காய்ச்சலினின்று காப்போம்

வண்டி இழுத்தும் பொதி சுமந்தும் ஒரு குடும்பத்தையே காப்பாற்றும் குதிரை இருமத் தொடங்கினால், அதனை அலட்சியம் செய்யலாகாது. குதிரைகளுக்கு வரும் இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சல், வைரஸ் கிருமியால் உண்டாகி மிக விரைவில் பரவும் தொற்று நோயாகும். 2008ஆம் ஆண்டில் ஜம்முப் பகுதியிலுள்ள கட்ராவில், யாத்திரிகர்களைச் சுமக்கும் குதிரைகளிடையே இந்நோய் கண்டு, பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

கிருமி புகுந்த 1 முதல் 3 நாட்களுக்குள் கடுங்காய்ச்சலும் வறட்டிருமலும் காணும்; மூக்கில் நீர் வடியும்; தீனி குறையும். இருமும்போது தெறிக்கும் துளிகளாலும், பொது வாளி, தண்ணீர்த் தொட்டி, கடிவாளம், பராமரிப்பவர் கை ஆகியவற்றாலும் நோய் பரவும்.

நோயுற்ற குதிரையை உடனே தனியே கட்டிவைத்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். காய்ச்சல் நீடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு தருதல் நலம். கூலி போகிறதே என்று முன்னதாகவே வண்டியில் பூட்டினால், நுரையீரல் பழுதுற்று, குதிரையையே இழக்க நேரிடலாம்.

வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. 4 முதல் 6 வார இடைவெளியில் இருமுறை போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலங்களில் தொடரவேண்டும். புதிதாக வாங்கிய குதிரையை 3 வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்கவேண்டும்.

ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தை போன்றவற்றில் பல ஊர்க் குதிரைகள் கூடுகின்றன. சந்தை நடைபெறும் ஊர்களின் பஞ்சாயத்து உறுப்பினர்கள், இருமும் குதிரை உள்ளே வராமலும், ஒரே தொட்டியில் எல்லாக் குதிரைகளும் நீர் அருந்தாமலும் பார்த்துக்கொண்டால், பல குடும்பங்களின் பிழைப்பைக் காத்தவர்களாவார்கள்.