வோல்ட்டேஜ் குறைந்தால் ஏன் கொதிக்கிறது?

ஹாம் ரேடியோக்காரர்களின் மேசையில் செங்கல்லைவிடச் சற்றே பெரிய பெட்டி ஒன்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் என்பார்கள். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை வாங்கி, பேசவும் கேட்கவும் உதவும் டிரான்ஸ்சீவருக்கு 13.8 வோல்ட்டாகத் தருவது அதன் வேலை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் அது தொட முடியாதபடி சுட்டால், வெயிலை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

உள்ளே வரும் ஏசி முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாகிறது. மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் அதை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை விட்டுவிட்டு அனுப்புகிறது. பெரிய குடத்தில் சில நடை சுமப்பதற்குப் பதில் சிறு செம்பில் ஓயாமல் ஓடி ஓடி ஊற்றுவது போல. அதனால்தான் கிலோக்கணக்கான இரும்பு டிரான்ஸ்ஃபார்மரின் வேலையை, உள்ளங்கையில் அடங்கும் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் செய்துவிடுகிறது.

100 வாட் டிரான்ஸ்சீவர் முழு வீச்சில் அனுப்பும்போது ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். அதாவது 276 வாட். எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால், 50 வாட் அளவுக்குப் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. எஸ்எஸ்பி முறையில் குரல் எழும்போதுதான் இந்த இழுவை. எஃப்எம்மில் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஓயாது. எஃப்எம்மில் மட்டும் சூடேறுகிறது என்றால் பழுதைத் தேடும் முன் பெட்டியின் தொடர் ஆம்பியர் அளவைப் பாருங்கள்.

என்னை மிகவும் வியக்கவைப்பது இதன் பிடிவாதம். கிராமத்து லைனில் மாலையில் 230 வோல்ட் 170 ஆகச் சரிந்தாலும் 13.8 வோல்ட்டை இது விட்டுத்தராது. அதே வாட்டைத் தர, உள்ளே 35 சதவீதம் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்பிச்சுருளில் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறுவதால், அங்கே சூடு 80 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. ஆகவே ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பிளக் பாயின்ட்டில் வோல்ட்டேஜை அளப்பது நல்லது.

அடுத்தது தூசி. ஒரு காலத்துக் கடலடியான சுண்ணாம்புப் பாறையை வெட்டி, அரைத்து, லாரியில் ஏற்றும் ஊர் அரியலூர். அங்கே ஃபேன் இறக்கையிலும் ஹீட் சிங்க் இடுக்கிலும் மாவுப் பொடி படிந்தால் காற்று நுழையாது.

கடைசியாகக் கெப்பாசிட்டர். 105 டிகிரியில் 2000 மணி நேரம், அதாவது 83 நாள், என்று குறித்திருப்பது, 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறக்குறைய இருமடங்கு உழைக்கும். 20 டிகிரி ஊட்டி அறையில் இருக்கும் பெட்டியோடு ஒப்பிட்டால், 40 டிகிரி அரியலூர் அறையில் அதன் ஆயுள் கால்வாசிதான். உள்ளிருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள்தடை ஏறும். தடை ஏற ஏறச் சூடும் ஏறும். தலை உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒன்று மறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் உள்ளே தங்கியிருக்கலாம். தகுந்த ரெசிஸ்டர் வழியே இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பழுது பார்த்தபின் முதல்முறை போடும்போது சீரிஸ் பல்பு வழியாகவே கரண்ட் கொடுங்கள்.