வாவிக் கரையில் விமானம் கட்டலாமா?

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர் ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். ‘லாண்ட்மாஸ்டர்’ என்ற இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர். பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் சிறு விமானங்களையும், காற்றின் வேகத்திலேயே சுழலும் விசிறியைத் தலைக்கு மேல் கொண்ட ஓட்டோஜைரோக்களையும் தாமே வரைந்தார், தாமே கட்டினார், தாமே ஏறிப் பறந்தார். 2010இல் காலமானார்.

இலங்கையில் ஒருவர் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரே விடை. ஆனால் ரே வசதியான குடும்பத்துப் பிள்ளை. காசும் பட்டமும் அதிகம் இல்லாத ஒருவரால் முடியுமா? அதற்கான விடையைத் தேடிக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போகவேண்டும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தோமஸுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகொப்டர்களைப் பார்த்துப் பறக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. இருவர் அமரக்கூடிய மென்விமானம் ஒன்றைப் பல ஆண்டு உழைப்பில் கட்டி முடித்தார். 2014இல் அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாறு ஓடுபாதையில் அது மேலே எழுந்தது. ஓட்டிச் சென்றவர் ஓய்வுபெற்ற விங் கொமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். கட்டியவர் சஜி, சோதித்து ஓட்டியவர் அனுபவசாலியான இன்னொருவர். இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேசுவேன்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதன் கரையோரமெங்கும் தோணி செதுக்கும் ஓடாவிமாரும், பைபர் போட் வார்க்கும் பட்டறைகளும், கடற்கரை மணலில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுநாள் தொழிலுக்கு அனுப்பிவிடும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். விமானப்படையின் கையில் நெடுங்காலம் இருந்த மட்டக்களப்பு விமான நிலையமும் வாவியை ஒட்டியே கிடக்கிறது. 2018 மார்ச் 25இல் அது பொதுமக்களின் உள்நாட்டுப் பறப்புகளுக்குத் திறக்கப்பட்டது. கையும் இருக்கிறது, களமும் இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியை இங்கே கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் அமரும் சிறு விமானம். எஞ்சின், எரிபொருள், ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்து 250 கிலோ. இறக்கையின் பரப்பு 14 சதுர மீற்றர். சாதாரண வடிவமுள்ள இறக்கை என்றால் மணிக்கு ஏறக்குறைய 51 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே அதனால் இந்த எடையைத் தாங்க முடியாது. கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் போகிற வேகம்தான். மட்டமாகப் பறக்க 16 குதிரைவலு போதும். ஆனால் மட்டமாகப் பறப்பதற்கு முன் தரையை விட்டு ஏறவேண்டும். வினாடிக்கு இரண்டு மீற்றர் ஏற வேண்டுமானால் 28 குதிரைவலு வேண்டும். ஓட்டோ எஞ்சின் ஒன்று 10 குதிரைவலுவைச் சுற்றித்தான் தரும். அதை மாட்டிப் பறக்கலாம் என்று கனவு காண்பவர்கள் இந்த ஒரு வரியோடு அதை விட்டுவிடலாம்.

பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்? அதில் வலு உண்டு, ஆனால் நிமிடத்துக்கு 6500 சுற்றில்தான் அந்த வலு வெளிப்படும். ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள விசிறியை நேரடியாக அதில் பூட்டினால் விசிறியின் நுனி வினாடிக்கு 510 மீற்றர் வேகத்தில் ஓடும். ஒலியின் வேகமே 350 மீற்றர் அளவுதான். ஒலியை மிஞ்சிய நுனி காற்றை இழுக்காது. அலறும், அதிரும், வலுவைத் தின்னும். ஆகவே சுற்றை இரண்டரை மடங்கு குறைக்கும் கியரோ பட்டியோ நடுவில் வேண்டும். அந்தப் பட்டியும் அதைத் தாங்கும் பெயரிங்கும் எடை கூட்டும், விலை கூட்டும், பழுதாகவும் கூடும். 50 குதிரைவலு தந்த ரொட்டக்ஸ் 503 போன்ற எஞ்சின்கள் மென்விமானக்காரர்களிடம் பேர் வாங்கியதற்குக் காரணம், கியர்ப்பெட்டியையும் சேர்த்தே வாங்க முடிந்ததுதான். 1929இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்போல் தம் ‘எயார் கேம்பர்’ விமானத்துக்கு ஃபோர்ட் மொடல் ஏ கார் எஞ்சினைப் பூட்டினார். அது பாரமான எஞ்சின். ஆனால் குறைந்த சுற்றில் நிறைய இழுக்கும். அதனால் கியர் இல்லாமலே விசிறியைச் சுழற்ற முடிந்தது. அந்த வரைபடத்தை வைத்து இன்றைக்கும் விமானம் கட்டுகிறார்கள்.

இனி உடம்பு. நம் பைபர் போட் தொழிலாளிகளுக்கு இந்த இடம் இனிக்கும். 1975இல் பர்ட் ருட்டன் ‘வரிஈஸி’ என்ற விமானத்தைப் பறக்கவிட்டபோது உலகெங்கும் கொட்டில்களில் விமானம் கட்டியவர்கள் வாயைப் பிளந்தார்கள். அச்சு கிடையாது. நுரைக் கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்தில் வெட்டி, மேலே கண்ணாடியிழைத் துணியை விரித்து, பிசின் பூசி இறுகவிட்டால் இறக்கை தயார். துணியை வெட்டுவதும், பிசினைத் தடவுவதும், காற்றுக் குமிழியை உருளையால் துரத்துவதும் வாவிக்கரைப் பையன்கள் நாள்தோறும் செய்கிற வேலை.

ஆனால் அதே கைப்பழக்கம் மூன்று இடங்களில் ஆளைக் கவிழ்க்கும். படகுக்கு ஊற்றுவது பொலியெஸ்டர் பிசின். அது பொலிஸ்ரைரீன் நுரையில் பட்டால் நுரையைக் கரைத்துவிடும். ருட்டன் முறைக்கு எப்பொக்சிப் பிசின்தான் வேண்டும், அது விலை கூடியது. அடுத்தது, படகுப் பட்டறையில் நறுக்கிய இழை விரிப்பைப் பாவித்துப் பிசினைத் தாராளமாக ஊற்றுவார்கள். எடையில் முக்கால் பங்கை ஒட்டிப் பிசினே இருக்கும். தண்ணீரில் மிதக்கிற பொருளுக்கு அது குறையில்லை. விமானத்துக்கு நெய்த துணி வேண்டும், பிசின் பாதிக்கு மேல் போகக்கூடாது. துணியையும் பிசினையும் தனித்தனியே தராசில் நிறுத்துத்தான் தடவவேண்டும்; மிஞ்சியதை ரப்பர்த் தகட்டால் வழித்து வெளியே எறியவேண்டும். காசு கொடுத்து வாங்கிய பிசினை வழித்து எறிய நம் ஆட்களுக்கு மனசு வராது. அந்த மனசைப் பழக்குவதுதான் கடினம். மூன்றாவது வெயில். எப்பொக்சி சூட்டில் இளகும். நிறம் பூசிய இறக்கை மட்டக்களப்பு வெயிலில் நின்றால் தொடமுடியாதபடி கொதிக்கும். இந்த வகை விமானங்கள் எல்லாம் வெள்ளையாக இருப்பது அழகுக்காக அல்ல.

மரத்தில் கட்டலாமா என்றால், கட்டலாம். தோணிக்கு உகந்த மரமெல்லாம் இதற்கு உதவாது. தேக்கு கன மீற்றருக்கு 650 கிலோ வரும். விமானக்காரர்கள் விரும்பும் ஸ்புரூஸ் 400 கிலோவைச் சுற்றித்தான். அலுமினியமும் நல்லதுதான். ஆனால் வாவியின் உப்புக்காற்றில் அலுமினியத் தகடும் இரும்பு போல்ட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே சிறு மின்கலம் ஒன்று உருவாகி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கிவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் வெள்ளைத் தூள் உதிரும்.

எந்தப் பொருளில் கட்டினாலும் எடைதான் எசமான். அமெரிக்கா 1982இல் மென்விமானத்துக்கு விதி வகுத்தபோது வெற்று எடை 254 இறாத்தல், அதாவது 115 கிலோவைத் தாண்டக்கூடாது என்றது. பிரான்சில் மிஷேல் கொலொம்பான் 1973இல் பறக்கவிட்ட ‘கிரிகிரி’ இரண்டு எஞ்சின்களோடும் 78 கிலோதான்.

எடை எவ்வளவு என்பதை விடவும் முக்கியம் அது எங்கே இருக்கிறது என்பது. மூன்று சில்லுக்கும் கீழே மூன்று தராசை வைத்து, ஓட்டுபவரை உள்ளே இருத்தி நிறுத்து, எடை மையம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில் அது இருக்கவேண்டும். சற்று முன்னே போனால் மூக்கு பாரம், சமாளிக்கலாம். பின்னே போய்விட்டால் மூக்கு தானாக மேலே எழும், வேகம் சாகும், ஓட்டுபவர் எதைப் பிடித்தாலும் பலன் இருக்காது. வாலில் பூசிய கூடுதல் பெயின்ட்டே இந்த வேலையைச் செய்துவிடும்.

கவனமாகக் கட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்காக ஹென்றி மின்யேயின் கதை. பிரெஞ்சுக்காரர். ‘வானத்துப் பேன்’ என்று அவர் பெயர் வைத்த சிறு விமானத்தை எவரும் வீட்டில் கட்டலாம் என்று 1934இல் புத்தகமே எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஆசைப்பட்டார்கள். கட்டினார்கள், பறந்தார்கள். சிலர் செத்தார்கள். மூக்கு கீழே சாய்ந்த பிறகு எவ்வளவு இழுத்தாலும் அது நிமிராமல் தரையில் போய்க் குத்தியது. கடைசியில் முழு விமானத்தையும் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன்னும் பின்னும் இருந்த இரு இறக்கைகளுக்கு இடையே இருந்த சிறு இடைவெளி, செங்குத்தாகச் சாயும்போது பின் இறக்கையின் தூக்குதலைக் கூட்டி, மூக்கை மேலும் கீழே அழுத்தியது. 1936இல் பிரித்தானியா அதைத் தடை செய்தது. மின்யே கெட்டிக்காரர், தாமே பறந்து சோதித்தவர். அவர் பறந்தவரை அந்தக் கோணத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

கட்டியவனின் கண் தன் வேலையில் குறை காணாது. அதனால்தான் 1953இல் போல் பொபெரெஸ்னி அமெரிக்காவில் தொடங்கிய சோதனை விமானச் சங்கத்தில், அனுபவமுள்ள தொண்டர்கள் கட்டுகிறவரின் கொட்டிலுக்கே போய் வேலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். பிரித்தானியாவில் ஒவ்வொரு கட்டத்தையும் மேற்பார்வையாளர் ஒப்பமிட்ட பிறகுதான் அடுத்த கட்டம். ஆலப்புழைக்காரரான அசோக் தாமரட்சன் கொவிட் முடக்க காலத்தில் இங்கிலாந்தில் நாலு இருக்கை விமானம் கட்டிக் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றியது இந்த ஒழுங்குக்குள் நின்றுதான். அவர் வாங்கியது ஆயத்த உதிரிப்பாகத் தொகுதி. ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பவுண் அளவில் செலவு. நமக்கு அந்தக் காசு தேவையில்லை, அந்த ஒழுங்கு தேவை. மணிமுத்தாறில் சஜி தோமஸுக்கு நாயர் கிடைத்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதும் இங்கேதான் விளங்கும்.

வாவிக்கு வருவோம். தண்ணீரில் இறங்கும் விமானம் என்றால் ஓடுபாதைச் செலவில்லையே என்று பலர் நினைப்பார்கள். 300 கிலோ விமானத்தின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 540 கிலோ தண்ணீரை விலக்கும் பருமனில் இருக்கவேண்டும். உள்ளே தனித்தனி அறைகள் வேண்டும், இரண்டு அறைக்குள் தண்ணீர் புகுந்தாலும் கவிழக்கூடாது. அடிப்பாகத்தின் நடுவில் ஒரு படி வைக்காவிட்டால் தண்ணீர் மிதவையை விடாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், எழவே முடியாது. வாவியில் வலை கட்டிய கம்புகள் உண்டு, தோணிகள் உண்டு. நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் கூட்டமாக எழும். தென்மேற்குப் பருவத்தில் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வரும் கச்சான் காற்று, நடுப்பகலில் சூடாகவும் முரடாகவும் வீசும். 35 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி ஏட்டுக் கணக்கைவிட ஆறேழு வீதம் குறைந்துபோகும். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் விசிறிக்கும் அந்த இழப்பு சேர்ந்தே விழும். என் தீர்ப்பு: முதல் விமானத்துக்கு மிதவை வேண்டாம்.

அனுமதி இன்னொரு பெரிய வேலை. மும்பையில் விமானி அமோல் யாதவ் தம் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டி 2016இல் கண்காட்சியில் வைத்தார். பதிவெண் கிடைத்தது 2017 நவம்பரில், பறக்க அனுமதி 2019இல். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைதான் பதிவுக்கும் அனுமதிக்கும் பொறுப்பு. இந்த மண்ணில் நடந்த போரை நினைத்தால், பதிவில்லாத எதையும் இங்கே வானத்தில் ஏற்றக்கூடாது என்பதை எந்தப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை.

பிறகு எங்கே தொடங்குவது? ஒரே ஒரு இறக்கையில். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப மாணவர்களும், ஒரு பைபர் போட் பட்டறையும், ஓர் ஓடாவியும் சேர்ந்தால் அதைச் செய்யலாம். எஞ்சின் வேண்டாம், அனுமதி வேண்டாம். இறக்கையைத் தலைகீழாகத் தாங்கியில் பூட்டி மணல் மூடைகளை அடுக்குங்கள். 250 கிலோ விமானம் திடீர்த் திருப்பங்களைத் தாங்க நான்கு மடங்கு, அதாவது இரு இறக்கையிலும் சேர்த்து 1000 கிலோ. ஓர் இறக்கைக்கு 50 கிலோ மூடை பத்து. அவற்றைச் சிறு பைகளாக்கி, அடியில் நெருக்கமாகவும் நுனியில் ஐதாகவும் பரப்பவேண்டும். நுனி எவ்வளவு தாழ்கிறது என்று அளவுகோலில் குறியுங்கள். மூடையை இறக்கியதும் நுனி பழைய குறிக்கே திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே ஏதோ நெகிழ்ந்துவிட்டது. திரும்பினால் ஒன்றரை மடங்காக்கி, முறிகிறதா என்று பாருங்கள். அந்த இறக்கை பிறகு பறக்க உதவாது, ஆனால் அடுத்த இறக்கையை எப்படிக் கட்டவேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

இந்தச் சோதனைக்குப் பிசினும் துணியும் நுரையும் மணலும் போதும். பல்கலைக்கழகமோ தொழில்நுட்பக் கல்லூரியோ இதை ஓர் ஆண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளட்டும். ஓய்வுபெற்ற விமானப் பொறியியலாளர் ஒருவரை அழைத்து ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்கச் சொல்லட்டும். வாவிக்கரையில் பட்டறை வைத்திருப்பவர்கள் மாணவர் வந்து கேட்டால் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள்.