பத்து ரூபாய்ப் பங்கு

அகமதாபாத்தின் மாணெக் சௌக் சந்தையில் காய்கறிக் கூடையோடு உட்காரும் பெண்ணுக்கு யாரும் வியாபாரம் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் காய் எப்போது வாடும், யாருக்குக் கடன் சொல்லலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கையில் முதல்தான் இருக்காது. எழுபதுகளில் அங்கே காலையில் 50 ரூபாய் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் 55 ஆகத் திருப்ப வேண்டும். நாளெல்லாம் வெயிலில் காய்ந்து சம்பாதித்தது வட்டிக்கே போனது. தண்டல் வாங்கிக் கடை போடும் நம்மூர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

வழக்கறிஞரான இலா பட் 1972-இல் இவர்களைத் திரட்டி 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். முதலில் அரசு வங்கிகளில் கடன் வாங்கித் தந்து பார்த்தார்கள்; சரிப்படவில்லை. வங்கி திறந்திருக்கும் நேரம்தான் வியாபார நேரமும். கசங்கிய சேலையும் கைக்குழந்தையுமாக வந்தவர்களை அங்கே மதிப்பாரும் இல்லை. 1974-இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்றே கூட்டுறவு வங்கி கண்டார்கள். கைநாட்டுப் பெண்களுக்கு வங்கி எதற்கு என்று பதிவு செய்யும் இடத்தில் தயங்கியபோது, முன்னின்ற பெண்கள் இரவு முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள்.

அந்த இரவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, புகைப்படம் ஒட்டிய அவர்களுடைய பாஸ்புக். எழுதத் தெரியாவிட்டாலும் பணம் யாருடையது என்பதற்கு முகமே சாட்சி. கணக்கு அவர் பெயரில், கடன் அவர் பெயரில். சேமிப்பை வாங்க வங்கியின் ஆட்களே தெருவுக்கு வந்தார்கள். சென்னையிலும் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், கூடைக்காரப் பெண்களுக்குச் சிறுகடன் கிடைக்க வழி செய்தது.

ஆனால் கடன் கிடைத்தால் மட்டும் வியாபாரம் வளர்ந்துவிடாது. மாணெக் சௌக் பெண்கள் உட்காரும் இடத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தராசையும் கூடையையும் அதிகாரிகள் ஒருமுறை அள்ளிக்கொண்டு போனால், பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பெண் தொழில்முனைவோருக்குக் கடன் மேளா நடத்தும் எந்த மாநகராட்சியும், அந்தக் குழுவை ஒழுங்காகக் கூட்டி, இவர்களுக்கு உட்கார இடம் எழுதிக்கொடுத்துவிட்டு மேளாவுக்கு நாள் குறிக்கட்டும்.