கடலை நீந்தி அறநிதி திரட்டுதல்



பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் பெர்ரியில் செல்லும்போதெல்லாம் உங்களுள் எவரேனும் ஒருவர், "ஐயா, இதை நீந்திக் கடக்கலாமா?" என்று நம்மிடம் கேட்பதுண்டு. அங்கே அகலம் மூன்று கிலோமீட்டர் அளவே. தேர்ந்த நீச்சற்காரருக்கு அது பெரிய தொலைவன்று. ஆயினும் கடல், குளத்தைப் போல் அசையாமல் கிடப்பதில்லை. ஓதம் பக்கவாட்டில் இழுக்கும், கப்பல்கள் குறுக்கிடும், சொறிமீன் தீண்டும். ஆகவே துணைப்படகும் துறைமுகத்தாரின் இசைவும் இன்றி எவரும் இறங்கலாகாது.

நெடுந்தொலைவு நீந்துவோர் பெரிதும் நாடுவது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயை. 1875இல் மேத்யூ வெப் என்னும் கப்பல் தலைவர் அதனை 21 மணி 45 நிமிடங்களில் கடந்தார். நேர்க்கோட்டில் அது ஏறத்தாழ 33 கிலோமீட்டர். ஓதத்தின் இழுப்பால் வளைந்து வளைந்து செல்வோர் அதனினும் மிகுதியாகவே நீந்த நேரும். கோடையிலும் நீர் உடலை விறைக்கச் செய்யும். துணைப்படகைத் தொட்டாலோ முயற்சி செல்லாது. கோலில் நீட்டப்படும் உணவை மிதந்தவாறே உண்ண வேண்டும். நம் நாட்டவரான மாலிக் மைடின் 2003 ஆகஸ்டு 3ஆம் நாள் அதனைக் கடந்து, அவ்வருஞ்செயல் புரிந்த முதல் மலேசியர் ஆனார்.

இத்தகைய நீச்சலால் ஏழை எளியோர்க்குப் பொருள் சேர்ப்பதும் உண்டு. 2006இல் டேவிட் வாலியம்ஸ் என்னும் ஆங்கில நகைச்சுவை நடிகர் (அவர் எழுதிய சிறுவர் கதைகளை உங்களுட் சிலர் படித்திருக்கலாம்) அக்கால்வாயை 10 மணி 34 நிமிடங்களில் கடந்து, பத்து இலட்சம் பவுனுக்கு மேல் அறநிதி திரட்டினார்.

நிதி சேரும் முறை எளிது. "நீர் நீந்தும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 50 காசு தருவேன்" என்று ஒருவர் அட்டையில் ஒப்பமிடுகிறார். 33 கிலோமீட்டருக்கு 16 வெள்ளி 50 காசு. நூறு பேர் ஒப்பமிட்டால் 1,650 வெள்ளி.

இம்முறையில் ஓர் இடர் மறைந்துள்ளது. சென்ற ஆண்டு நம் பள்ளித் திடலில், இதே முறையில், சுற்றுக்கு இவ்வளவு என்று நிதி நடை நடத்தினோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் காய்ச்சலுடன் நடந்து மயங்கி விழுந்தான். ஏன் நிற்கவில்லை என்று கேட்டோம். "நின்றால் காசு குறையுமே, ஐயா" என்றான். பிழை அவனுடையதன்று, அட்டையை அவ்வாறு அச்சிட்டவர் நாமே.

திடலில் விழுந்தவனைத் தூக்கலாம். கடலில்? வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திய பெருவீரர். அவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார். அவர் நீந்தியது சாதனைக்காக. எனினும் அத்தகையோரையே கடல் விடவில்லை எனில், பிறர் தரும் காசை எண்ணிக் கரையேற அஞ்சுவோர் நிலை என்னாகும்?

புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி பாக்ஸ், 1980இல் கனடாவை ஓடிக் கடக்கப் புறப்பட்டார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் மீண்டும் பற்றவே நின்றார். ஓட்டம் முடியவில்லை, ஆயினும் மக்கள் கொடை நிற்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரிக்குள் அது இரண்டு கோடியே நாற்பது இலட்சம் டாலரைத் தாண்டியது.

இவ்வாண்டு நிதி நடைக்கான அட்டையில் "ஒரு சுற்றுக்கு" என்னும் கட்டத்தை நீக்கியுள்ளோம். "முழுத் தொகை, எங்கு நின்றாலும்" என்று அச்சிட்டிருக்கிறோம். பெற்றோர் அதனைப் படித்தபின் ஒப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.