குருதி உறையாக் குழந்தைகளுக்குத் தேகப்பயிற்சி

காயம் பட்டால் இரத்தம் சிறிது நேரத்தில் தானே உறைந்து நின்றுவிடுதல் இயற்கை. சில குழந்தைகளுக்கு அவ்விதம் எளிதில் நிற்பதில்லை. இக்குறைக்கு ‘ஹீமோபீலியா’ என்று பெயர். இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களுள் எட்டாவது காரணி குறைந்திருப்பது ஒரு வகை. ஒன்பதாவது காரணி குறைந்திருப்பது மற்றொரு வகை. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று முதல் வகையுடன் பிறக்கிறது. இது தொற்றுநோயன்று, தெய்வக் குற்றமும் அன்று. பெரும்பாலும் தாய்வழியே வருவது. எனினும் குடும்பத்தில் எவருக்கும் இல்லாதிருந்து புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே தாயைப் பழித்தல் சிறிதும் தகாது.

இந்நோயில் வெளிக்காயத்தைக் காட்டிலும் மூட்டுகளுக்குள் நிகழும் கசிவே அடிக்கடி துன்பம் தருவது. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகியவையே மிகுதியும் தாக்குறுகின்றன. மூட்டில் தேங்கிய இரத்தம் அதன் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது; தடித்த சவ்வில் மீண்டும் எளிதில் இரத்தம் கசிகிறது. வலிக்கு அஞ்சிக் குழந்தை காலை மடக்கியே வைத்திருப்பதால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டுக்குத் தாங்கல் குறைகிறது. ஒருமுறை உடைந்த வரப்பைச் செப்பனிடாது விட்டால் அடுத்த மழையிலும் அவ்விடமே உடைவது போல, அதே மூட்டு திரும்பத் திரும்பப் பழுதுற்று, இறுதியில் கால் மடங்கியபடியே நின்றுவிடுகிறது.

அசைந்தால் இரத்தம் கசியும் என்று அஞ்சி, இக்குழந்தைகளைப் படுக்கையிலேயே கிடத்தி வைத்த காலம் ஒன்று இருந்தது. 1964இல் அமெரிக்க அறிஞர் ஜூடித் பூல் அம்மையார், உறைநிலையில் வைத்த பிளாஸ்மாவை மெல்ல உருகச் செய்து, எட்டாவது காரணி செறிந்த பகுதியைப் பிரித்தெடுக்கும் எளிய முறையை வெளியிட்டார். பின்னர் அக்காரணிகள் ஊசி மருந்தாகவே கிடைக்கலாயின. கசிவை நிறுத்த வழி பிறந்ததும், தசையை வலுப்படுத்தும் தேகப்பயிற்சி சிகிச்சையின் ஓர் அங்கமாயிற்று.

ஆயினும் காலம் அறிந்து செய்வதே முறை. மூட்டில் குறுகுறுப்போ, வெப்பமோ, வீக்கமோ தோன்றியவுடன் முதலில் காரணி மருந்து செலுத்தப்பெற வேண்டும். மூட்டுக்கு ஓய்வளித்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலைச் சற்று உயர்த்தி வைத்தல் நலம். வலியும் வீக்கமும் தணிந்த பின்னரே, மருத்துவர் கூறும் அளவில் பயிற்சி தொடங்கலாம்.

1. குழந்தையைக் காலை நீட்டி அமரச் செய்க. முழங்காலின் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுக. ஐந்து எண்ணும் வரை அழுத்திப் பின் தளர்த்துக. இவ்வாறு பத்து முறை செய்யலாம்.

2. மல்லாந்து படுத்து, மடக்காத காலை ஒரு சாண் உயரம் மெல்லத் தூக்கி இறக்குக.

3. பாதத்தை மேலும் கீழும் அசைத்தலும், முழங்கையைச் சுமையின்றி மடக்கி நீட்டுதலும் நன்று.

குழந்தை தானே அசைப்பதுதான் பயிற்சி. பிறர் பிடித்து இழுத்தல் பயிற்சியன்று. மடங்கிய காலை வலிந்து நிமிர்த்துவதும், எண்ணெயிட்டு அழுத்தி உருவுவதும் புதிய கசிவை உண்டாக்கும். வலி மிகுந்தால் உடனே நிறுத்துக. ஆஸ்பிரின் மாத்திரையும், தசையில் போடும் ஊசியும் ஆகா. தலையில் அடிபட்டாலோ, தொடை இடுக்கில் வலி கண்டு காலை நீட்ட இயலாது போனாலோ, சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

நடத்தல், பெரியவர் துணையுடன் நீந்துதல், மருத்துவர் இசைவுடன் சைக்கிள் ஓட்டுதல் ஆகியவை ஏற்றவை. கபடியும், கிணற்றில் குதித்தலும் விலக்கத் தக்கவை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரணி மருந்து விலையின்றி வழங்கப்படுகிறது. பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்வதே சிறந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரில் அடிக்கடி மூட்டு வீங்கும் சிறுவர் எவரேனும் உளரா என்று விசாரித்து, பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பள்ளி ஆசிரியருக்கும் செய்தியைத் தெரிவித்தல் வேண்டும். நள்ளிரவில் கசிவு கண்டால் வண்டி வசதி செய்து தருவதும் அவர்கள் ஆற்றத்தக்க உதவியாகும். தக்க காலத்தில் மருந்தும், நாள்தோறும் சிறிது பயிற்சியும் கிடைத்தால், அச்சிறுவர் மற்றவர்களைப் போலவே பள்ளிக்கு நடந்து செல்வர்.