வீட்டு வரி, வண்டி வரி: வருமான வரியில் எதைக் கழிக்கலாம்?

பாலக்கரையிலோ ஸ்ரீரங்கத்திலோ உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? திருச்சி மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரியை அந்த வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,20,000. சொத்து வரி 6,000 போக 1,14,000. இதில் 30 சதவீதம், அதாவது 34,200 ரூபாய், நிலையான கழிவு. மீதி 79,800 ரூபாய்தான் வருமானமாகக் கணக்கில் சேரும். புதிய வரி முறையிலும் இது உண்டு.

ஆனால் வரியை உரிமையாளரே கட்டியிருக்க வேண்டும். வாடகைதாரர் கட்டினால் கழிவு இல்லை. மார்ச் 31க்குள் கட்டாத பாக்கிக்கு, கட்டும் ஆண்டில்தான் கழிவு. நீங்களே குடியிருக்கும் வீட்டின் வரியைக் கழிக்க முடியாது.

சொந்த உபயோக பைக், காருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டும் பதிவுக் கட்டணத்தையும் சாலை வரியையும் சம்பளக்காரர்கள் கழிக்க முடியாது. காந்தி மார்க்கெட் வியாபாரி கடைச் சரக்குக்காக வாங்கும் வண்டி என்றால், வாங்கும்போது கட்டிய அந்தத் தொகைகள் வண்டி விலையோடு சேரும். எஞ்சிய மதிப்பில் ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானமாகக் கழியும். விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வரி முறையில் இருப்பவர்களுக்கு இது தனியாகக் கிடைக்காது.

எதற்கும் ரசீதுதான் ஆதாரம். மார்ச் மாதத்துக்குள் வரியைக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.